விமான றெக்கைக்கு ரப்பர் சீல் எப்ப மாட்டணும்? அவசரப்பட்டா வர்ற வம்பு

வீட்டு கராஜ்ல விமானம் கட்டுறவங்ககிட்ட, குறிப்பா அமெரிக்கால வேன்ஸ் ஏர்கிராஃப்ட் கம்பெனியோட ஆர்வி விமான கிட் வாங்கி கட்டுறவங்ககிட்ட, ஒரு பழக்கம் உண்டு. றெக்கையை பாடில முதல் தடவை சேர்த்ததும் ரெண்டுக்கும் நடுவுல இருக்குற இடைவெளிய பார்க்க சகிக்காது, உடனே அதை மூடுற ஃபேரிங் தகடை போட்டு, அதோட ஓரத்துல வர்ற ரப்பர் சீலையும் அமுக்கி விட்டுடுவாங்க. நானும் அப்படித்தான் பண்ணேன், ரெண்டு வாரத்துல எல்லாத்தையும் பிச்சு எடுத்தேன்.

முதல் தடவை சேர்க்குறதே சும்மா அளவு பார்க்கத்தான். ஒரிஜினல் போல்ட்டை கூட போட மாட்டோம், கடைல வாங்குன தற்காலிக போல்ட்டுதான். றெக்கையோட கோணம் பார்த்து பின்பக்க ஸ்பார்ல (றெக்கைக்குள்ள நீளமா ஓடுற தாங்கு சட்டம்) ஓட்டை போட்டதும் திரும்ப கழட்டி, ட்ரெய்லர்ல ஏத்தி ஹேங்கருக்கு கொண்டு போகணும், நடுவுல பெயின்ட் வேற இருக்கு. இத்தனைக்கும் நடுவுல ஒட்டுன சீல் தூசி புடிச்சு ஓரம் கிழிஞ்சுதான் போகும்.

அதுக்காக சீலை கடைசிலதான் வாங்கணும்னு நெனச்சுடாதீங்க, அது அடுத்த தப்பு. ரப்பரோட தடிமனை கணக்குல வெச்சுதான் ஃபேரிங் ஓரத்தை வெட்டணும். வெறும் தகடை பாடியோட ஒட்டி வர்ற மாதிரி அழகா வெட்டிட்டு அப்புறம் ரப்பரை சொருகுனா தகடு மேல தூக்கிக்கும், ஸ்க்ரூ ஓட்டை ஒண்ணும் நேரா வராது. அதனால சீலை முன்னாடியே வாங்குங்க, சொருகி பாருங்க, கழட்டி டப்பால போட்டு வைங்க.

பெயின்ட் அடிச்ச மறுநாளே மாட்டுறதும் வேண்டாம். வெளிய தொட்டா காஞ்ச மாதிரி இருக்கும், உள்ள காஞ்சிருக்காது, ரப்பர் அமுங்குற இடத்துல கோடு விழுந்துடும். ரப்பர் உரசுற இடத்துல பாடி மேல கண்ணாடி மாதிரி டேப் ஒரு வரிசை ஒட்டிட்டா பெயின்ட் தேயாது.

இதெல்லாம் அழகு சம்பந்தப்பட்டது, போனா போகுது. நெஜமா பயப்பட வேண்டிய தப்பு என்னன்னா, முதல் தடவை பறக்குறதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் மூடி சீல் பண்ணிடுறது. அந்த இடுக்குக்குள்ளதான் டேங்க்ல இருந்து வர்ற பெட்ரோல் பைப்பு, அதோட நட்டு, பெட்ரோல் மட்டம் காட்டுற சென்சார், வேகம் அளக்குற பிட்டோ குழாய், வயர் எல்லாம் இருக்கு. இந்த மாதிரி சின்ன விமானத்துக்கு போடுற 100எல்எல் பெட்ரோல் நீல கலர். கசிஞ்சா காஞ்ச பிறகும் நட்டை சுத்தி நீலமா ஒரு கறை நிக்கும், டார்ச் அடிச்சு பார்த்தா உடனே தெரியும். மூடி வெச்சா எப்படி தெரியும், மூக்குதான் சொல்லணும். அமெரிக்க விமானத்துறையான எஃப்ஏஏ கணக்குல சோதனை பறப்பு வழக்கமா 25 இல்ல 40 மணி நேரம். முதல் சில பறப்புல ஒவ்வொண்ணு முடிஞ்சதும் உள்ள எட்டிப் பாருங்க, போல்ட் அசைஞ்சிருக்கான்னு பாருங்க, சீலை அப்புறம் மாட்டிக்கலாம். ஃபேரிங் இல்லாம பறக்க மனசு வரலைன்னா ஃபேரிங்கை மட்டும் ஸ்க்ரூ போட்டு வைங்க, சீல் இல்லாம கொஞ்சம் காத்து சத்தம் வரும், ஒண்ணு ரெண்டு நாட் வேகம் குறைஞ்சாலும் குறையலாம், அவ்வளவுதான்.

சிலிகான் பசைய போட்டு நிரந்தரமா ஒட்டவே ஒட்டாதீங்க. வினிகர் வாசனை அடிக்கிற வகை அலுமினியத்தை அரிக்கும், அதுக்கு மேல எந்த சிலிகானா இருந்தாலும் பின்னாடி அங்க பெயின்ட் அடிச்சா மீன் கண்ணு மாதிரி பொத்தல் பொத்தலா வரும். வருஷா வருஷம் இன்ஸ்பெக்‌ஷனுக்கு எப்படியும் கழட்டணும். அடிப்பக்கம் பின்னாடி ஒரு சின்ன இடைவெளி விடுங்க, தண்ணியோ பெட்ரோலோ உள்ள தேங்கக்கூடாது.

இன்னொண்ணு, ஐலரான் (விமானத்தை பக்கவாட்டுல சாய்க்க றெக்கையோட பின் ஓரத்துல அசையுற பாகம்) இடைவெளிய மூடுற சீலையும் இதையும் ஒண்ணா நினைக்காதீங்க. அது பைலட் கையில பிடிக்குற ஸ்டிக்கோட கனத்தை மாத்தும், சரியா ஒட்டலைன்னா பிரிஞ்சு வந்து ஐலரான்லயே சிக்கும். ஆசைப்பட்டா அது இல்லாம சோதனையெல்லாம் முடிச்சு நம்பரை எழுதி வெச்சுட்டு, அப்புறம் மாட்டி மறுபடி முதல்ல இருந்து டெஸ்ட் பண்ணுங்க. ரெண்டையும் ஒரே நாள்ல மாட்டிட்டு வேகம் எதால கூடுச்சுன்னு என்கிட்ட கேட்டா நான் என்ன சொல்றது.