தவறுதலாக அழிந்த அட்டவணையைப் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் மீட்பது எப்படி

முதன்மைச் சர்வரின் மாற்றங்களை உடனுக்குடன் பெறும் நகல் சர்வர் இருக்கிறதே என்று பேக்கப்பை அலட்சியம் செய்யக் கூடாது. முதன்மைச் சர்வரில் தவறுதலாக அழித்த அட்டவணை, நகலிலும் பெரும்பாலும் சில நொடிகளில் அழிந்துவிடும். ஆகவே முழு அடிப்படை பேக்கப் ஒன்றை எடுத்து, அதன்பின் உருவாகும், தரவு மாற்றங்களைப் பதிவுசெய்யும் லாக் கோப்புகளை (இயல்பாக ஒவ்வொன்றும் 16 மெகாபைட்) வேறொரு சேமிப்பகத்துக்குத் தொடர்ந்து அனுப்புமாறு அமைக்கவும்.

மீட்கும்போது, இயங்கும் சர்வரைத் தொடாமல், தனிக் கணினியில் அந்தப் பேக்கப்பை விரித்து, அழிவு நேர்ந்ததற்குச் சற்று முந்தைய நேரத்தை நேர மண்டலத்துடன் மீட்பு இலக்காகக் குறிப்பிட்டு, லாக் கோப்புகளை எடுத்துவரும் கட்டளையையும் அமைப்புக் கோப்பில் எழுத வேண்டும். 12ஆம் பதிப்பு முதல் 'ரெக்கவரி.சிக்னல்' (recovery.signal) என்ற வெற்றுக் கோப்பும் தரவு அடைவில் இருக்க வேண்டும். எளிதில் மறந்துபோகக்கூடிய கட்டம் இதுவே. இலக்கை எட்டியதும் சர்வர் இயல்பாக இடைநிறுத்தத்தில் நிற்கும். அப்போதே அட்டவணையைப் படித்துச் சரிபார்த்து, தனியே ஏற்றுமதி செய்துகொள்ளலாம்.