புதிதாகக் கொயர் நடத்துபவரா? முதலில் கேமராவை உங்கள் பக்கம் திருப்புங்கள்

கொயர் என்ற சேர்ந்திசைக் குழுவில் நன்றாகப் பாடுகிற ஒருவரைப் பிடித்து, "இனிமேல் நீங்களே நடத்துங்கள்" என்று சொல்லிவிடுவார்கள். பெரும்பாலானோர் கொயர் நடத்துநர் ஆவது இப்படித்தான். என் கதையும் அதுதான். பாடுவது வேறு, பாட வைப்பது வேறு என்று புரிய எனக்கு ஒரு வருடம் ஆனது. பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்டுவதற்கு முன், நீங்களே செய்துகொள்ளக்கூடிய சில வேலைகள் இருக்கின்றன. நான் பரிந்துரைக்கும் வரிசை இது.

படி 1: ஒத்திகையைப் படம்பிடியுங்கள்

கைப்பேசியைக் குழுவின் நடுவில் வைத்து, உங்களை மட்டும் படம்பிடியுங்கள். குழுவினரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 20 நிமிடம் போதும்.

அதை மூன்று முறை பார்க்க வேண்டும். முதல் முறை ஒலியை அணைத்துவிட்டு, கைகளை மட்டும். இரண்டாம் முறை திரையைக் கவிழ்த்து வைத்து, காதால் மட்டும். மூன்றாம் முறை ஸ்டாப்வாட்சோடு. நீங்கள் பேசிய நேரம் எவ்வளவு, அவர்கள் பாடிய நேரம் எவ்வளவு?

முதல் முறை பார்த்தபோது எனக்கு வெட்கமாகிவிட்டது. பாதி நேரத்துக்கு மேல் நான்தான் பேசிக்கொண்டிருந்தேன். வலது கை செய்வதையெல்லாம் இடது கை கண்ணாடி போலத் திருப்பிச் செய்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி "மறுபடியும்" என்றேன், ஏன் மறுபடியும் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. பாவம், அவர்களும் அதே தவறை அதே மாதிரி மறுபடியும் பாடினார்கள்.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் திருத்தப் போகாதீர்கள். வாரத்துக்கு ஒன்று. நான் "மறுபடியும்" என்ற சொல்லிலிருந்து தொடங்கினேன். நிறுத்தினால் யார், எங்கே, என்ன என்ற மூன்றையும் ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டும் என்று எனக்கு நானே விதி போட்டுக்கொண்டேன். "ஆல்ட்டோ, 12ஆம் பார், மூன்றாம் தட்டு வரை 'ஆ'வை விடாமல் பிடியுங்கள்." (ஆல்ட்டோ என்பது பெண்களின் கீழ்க்குரல் பிரிவு, பார் என்பது இசைத்தாளில் கோடுகளால் பிரித்த ஒரு தாளக் கட்டம்.) அவ்வளவுதான், உடனே பாட வைத்துவிட வேண்டும். யார் என்பதை முதலில் சொன்னால்தான் உரியவர்கள் காது கொடுப்பார்கள்.

படி 2: தொடக்கத் தட்டு

ஒரு பாருக்கு நான்கு தட்டுள்ள 4/4 தாளத்தில் வலது கை கீழே, இடப்பக்கம், வலப்பக்கம், மேலே என்று போகும். இதை ஒரு மாலையில் கற்றுவிடலாம். கஷ்டம் அதற்கு முந்தைய ஒரு தட்டில் இருக்கிறது. பாட்டு முதல் தட்டில் தொடங்கினால், நான்காம் தட்டில் உங்கள் கை உயரும். கூடவே நீங்கள் மூச்சை இழுக்க வேண்டும். வேகம், சத்தம், பாட்டின் தன்மை மூன்றும் அந்த ஒரு அசைவில் தெரிய வேண்டும். நீங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றால் குழுவும் இறுக்கமாகத்தான் தொடங்கும்.

சோதித்துப் பார்க்க இரண்டு நண்பர்கள் போதும். "ஒன்று, இரண்டு" என்று எண்ணாமல், ஒரே ஒரு தட்டு மட்டும் காட்டி அவர்களை "பா" என்று சொல்லச் சொல்லுங்கள். இருவரும் ஒரே நேரத்தில் சொன்னால் உங்கள் கை தெளிவாக இருக்கிறது. இல்லையென்றால் அவர்களைக் குறை சொல்லாமல் கையை மாற்றுங்கள். அப்புறம் அதே அசைவை மெதுவாக, மென்மையாக, சட்டென்று என மாற்றி மாற்றிக் காட்டுங்கள். "பா" எப்படியெல்லாம் மாறுகிறது என்று பாருங்கள்.

படி 3: இசைத்தாளோடு தனியாக உட்காருங்கள்

சொப்ரானோ (பெண்களின் மேல்குரல்), ஆல்ட்டோ, டெனர் (ஆண்களின் மேல்குரல்), பாஸ் (ஆண்களின் கீழ்க்குரல்) நான்கையும் நீங்களே பாடிப் பாருங்கள், உங்கள் குரலுக்கு எட்டாததை ஒரு ஸ்தாயி மாற்றியாவது. பிறகு ஒரு பகுதியைக் கீபோர்டில் வாசித்துக்கொண்டே இன்னொன்றைப் பாடுங்கள். எங்கே திணறுகிறீர்களோ, பெரும்பாலும் அங்கேயேதான் குழுவும் திணறும். பென்சிலால் வட்டமிட்டு வையுங்கள். ஒத்திகை முடிந்ததும் எத்தனை வட்டம் சரியாக இருந்தது என்று எண்ணிப் பாருங்கள். இந்தக் கணிப்பு கூர்மையாவதுதான் உங்கள் வளர்ச்சிக்கு நல்ல அளவுகோல்.

இசைத்தாள் வாசிக்கத் தெரியாத குழுவா? டோ, ரே, மி முறையைக் கை முத்திரைகளோடு கற்றுக்கொடுங்கள். 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சாரா குளோவர் என்ற இசை ஆசிரியை தொடங்கிய முறையை ஜான் கர்வன் விரித்தெடுத்து முத்திரைகளைச் சேர்த்தார். பின்னர் ஹங்கேரியில் இசையமைப்பாளர் கோடாயின் வழிக் கல்வி அதை எடுத்துக்கொண்டது. முதலில் சோ, மி என்ற இரண்டு சுரம் போதும். பயிற்சிக்குப் பாடல்கள் வேண்டுமென்றால், காப்புரிமை முடிந்த இசைத்தாள்கள் கோரல் பப்ளிக் டொமைன் லைப்ரரி தளத்தில் இலவசமாகக் கிடைக்கும்.

படி 4: குரலைப் பற்றிப் படியுங்கள்

உதடு அதிரப் பாடுவது, ஸ்ட்ரா வழியாக ஊதிக்கொண்டே சுரம் பிடிப்பது போன்ற பயிற்சிகளைச் செய்ய வைத்தால் மட்டும் போதாது, காரணமும் தெரிந்திருக்க வேண்டும். வாய்ப்பக்கம் குறுகும்போது காற்றழுத்தம் கொஞ்சம் பின்னோக்கித் தள்ளுகிறது. குரல் நாண்கள் பலமாக மோதிக்கொள்ளாமல் அதிர்கின்றன. பதின்வயதுப் பையன்கள் இருந்தால் சில வாரங்களுக்கு ஒருமுறை அவர்கள் குரல் எதுவரை போகிறது என்று கேளுங்கள். குரல் உடையும் பருவத்தில் போன மாதம் எட்டிய சுரம் இந்த மாதம் எட்டாது.

படி 5: இப்போது வெளியே போங்கள்

மற்றவர்களின் கச்சேரியைவிட ஒத்திகைக்குப் போவது மேல். அனுமதி கேட்டுவிட்டு, பின்வரிசையில் நோட்டுப்புத்தகத்தோடு உட்காருங்கள். 1959இல் தொடங்கிய அமெரிக்கன் கோரல் டைரக்டர்ஸ் அசோசியேஷன், 1982இல் தொடங்கிய இன்டர்நேஷனல் ஃபெடரேஷன் ஃபார் கோரல் மியூசிக் போன்ற அமைப்புகள் மாநாடுகளும் வெளியீடுகளும் நடத்துகின்றன.

பயிலரங்கைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நான் ஒரு குழுவின் முன் நின்று நடத்த நேரம் உண்டா?" இல்லையென்றால் சான்றிதழ் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் நான் போகமாட்டேன். உண்டு என்றால், அந்தப் பத்து நிமிடத்தையும் யாரையாவது படம்பிடிக்கச் சொல்லுங்கள். அங்கே ஆசிரியர் சொல்வதில் பாதி, நிற்கிற பதற்றத்தில் காதில் ஏறாது.