நகைப் பட்டறை ஆசாரி சொந்தப் பெயர் எடுப்பது எப்படி?

பெங்களூர் நகரத்பேட்டைச் சந்துகளில் இருபது வருடம் கல் பதித்தவரிடம், "நீங்கள் செய்த உருப்படி ஒன்று காட்டுங்கள்" என்று கேட்டால் காட்ட ஒன்றும் இருக்காது. நகை கடைக்குப் போய்விட்டது, பெயரும் கடைக்கே போய்விட்டது. தொழில் தெரியாததால் அல்ல, எதையும் எழுதி வைக்காததால்தான் இந்த நிலை. எனவே முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள்.

உருப்படிக்கு ஒரு வரி போதும்: வாங்கிய தங்கம், அதன் மாற்று (தரம்), முடித்த எடை, திருப்பிக் கொடுத்த தூள், பிடித்த நாட்கள். 20.000 கிராம் வாங்கி, 19.200 கிராமில் சங்கிலி முடித்து, 0.600 கிராம் தூளாகத் திரும்பினால் உண்மையில் போனது 0.200 கிராம், அதாவது 1 சதவீதம். தூளில் காந்தம் ஓட்டி, வெண்காரம் போட்டு உருக்கிய பிறகே எடை போடுங்கள். அரத்தின் இரும்புத் துணுக்கும் அழுக்கும் சேர்ந்த தூள் எடையைக் கூட்டிக் காட்டும், கணக்கு உருக்கும்போது உதைக்கும். கம்பி வேலை, கல் பதிப்பு, கட்டி வளையல் மூன்றையும் ஒரே சராசரியில் போடாதீர்கள். சேதாரம் வேலைக்கு வேலை மாறும். மூன்று மாத நோட்டு கையில் இருந்தால், கூலி பேசும்போது முதலாளி "உன் கை அதிகம் தின்கிறது" என்று சொல்ல முடியாது.

பெயரைக் கெடுப்பது பெரும்பாலும் உருக்கும் இடம். 22 காரட்டுக்கு 916 (ஆயிரத்தில் 916 பங்கு தங்கம்) என்றால் 916தான், ஹால்மார்க்கில் கீழே இறங்க இடமில்லை. 10 கிராம் 999 தங்கத்துக்கு செம்பும் வெள்ளியுமாக 0.88 கிராம் சேர்த்தால் ஏறக்குறைய 918 வரும், பொடி (இணைப்புக்கு உருக்கி வைக்கும் பற்று) வைத்து ஊதினாலும் 916க்கு மேல் கொஞ்சம் மிச்சம் இருக்கும். அதே பழக்கத்தில் 10 கிராம் 995 கட்டிக்கும் 0.88 கிராம் சேர்த்தால் 914 சொச்சம்தான் வரும், உருப்படி திரும்பி வரும். கட்டி எந்த மாற்று என்று வாங்கும்போதே எழுதுங்கள். பொடியும் 22 காரட்டாகவே இருக்கட்டும். காட்மியம் கலந்த பழைய பொடி வேண்டவே வேண்டாம், அந்தப் புகை நுரையீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் விஷம்.

ஹால்மார்க் நகையில் பொறிக்கும், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹெச்யூஐடி அடையாளக் குறியீட்டைத் தேடினால் வருவது அதைக் கொடுத்த நகைக்கடையின் பதிவு. செய்தவர் அதில் இல்லை. உங்கள் பெயர் வர வேண்டுமானால் பிஐஎஸ் (ஹால்மார்க்கை நடத்தும் இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவை நீங்களே எடுக்க வேண்டும். ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்துக்குக் கீழ் இருந்தால் ஹால்மார்க் கட்டாயமில்லைதான். ஆனாலும் சொந்தமாக விற்க நினைப்பவர்கள் எடுத்து வைப்பது நல்லது. சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இலவசம், முகவர் யாருக்கும் காசு கொடுக்காதீர்கள்.

கைவினைஞர்களுக்கான மத்திய அரசின் பிஎம் விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் பொற்கொல்லரும் உண்டு. அடிப்படைப் பயிற்சிக்கு நாளுக்கு 500 ரூபாய், கருவிகளுக்கு 15,000 ரூபாய், அதோடு சான்றிதழும் அடையாள அட்டையும். கடன் முதலில் 1 லட்சம், அதைச் சரியாகக் கட்டினால் அடுத்து 2 லட்சம், வட்டி 5 சதவீதம். சுயதொழில் செய்பவருக்கு மட்டும், குடும்பத்துக்கு ஒருவருக்கு மட்டும். சரிபார்ப்பு உள்ளாட்சி வழியாக நடக்கிறது. ஆதார் முகவரி சேலத்திலும் பட்டறை பெங்களூரிலும் இருப்பவர்கள், எங்கிருந்து விண்ணப்பிப்பது என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

படம் எடுக்க கேமரா தேவையில்லை. காலை ஜன்னல் வெளிச்சம், சாம்பல் நிறக் காகிதம், பக்கத்தில் ஒரு ஸ்கேல், இவ்வளவுதான். வெள்ளைக் காகிதத்தில் வைத்தால் தங்கம் கறுத்துத் தெரியும். முகப்பு ஒன்று, பின்பக்கம் ஒன்று, பதிப்பின் கிட்டப் படம் ஒன்று. விவரம் தெரிந்தவர் முதலில் பார்ப்பது பின்பக்கம்தான். அங்கே பொடி வழிந்திருந்தால் முகப்பு எத்தனை மின்னினாலும் பிரயோஜனமில்லை. ஒவ்வொரு படத்தோடும் எடை, கல் எண்ணிக்கை, நாட்கள் எழுதுங்கள். கடை கொடுத்த டிசைன் என்றால் முதலாளியிடம் கேட்டுவிட்டே எடுங்கள். மறுத்தால், அதே வேலைப்பாட்டை வெள்ளியில் சின்னதாக ஒன்று செய்து வையுங்கள், ஆனால் டிசைன் உங்களுடையதாக இருக்கட்டும்.