மலையில் தொண்ணூறைத் தொடும் பெரியவர்களுக்கு

மலைக்காற்று மட்டும் ஆயுளைக் கூட்டிவிடாது. ஊட்டி, கோத்தகிரிக் குளிரில் பெரியவர்களுக்குப் பெரிய ஆபத்து ராத்திரி வழுக்கி விழுவதுதான். இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிட்டால் நிமோனியா, படுக்கைப் புண் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும்.

சிறுநீர் கழிக்க எழும்போது கால்களைத் தொங்கப் போட்டு, கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்த பிறகே நிற்க வேண்டும். சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். வெறும் கம்பளி சாக்ஸ் வழவழப்பான தரையில் வழுக்கும். ரப்பர் அடியுள்ள, குதிகால் மூடிய செருப்பு வாங்கிக் கொடுங்கள். கழிவறை வரை சிறு விளக்கு எரியட்டும்.

கால் வலுவுக்கு, சுவரோடு ஒட்டிய நாற்காலியிலிருந்து 5 முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள், காலையும் மாலையும். பக்கத்தில் ஒருவர் நிற்பது அவசியம்.

ரசம் சோறு மட்டும் போதாது. 50 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 50 முதல் 60 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான். அவரை, பருப்பு, தயிர் எல்லாம் சேர்த்தால்தான் கணக்கு வரும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேளுங்கள்.

மூடிய அறையில் கரியடுப்பு வைத்துத் தூங்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிரை எடுக்கும். படுக்கும் முன் அடுப்பை வெளியே எடுத்துவிடுங்கள்.