'பேஃபிள்' என்ற ஆங்கில வினையை வாக்கியத்தில் வைப்பது எப்படி?

ஆங்கிலம்–தமிழ் அகராதியில் 'குழப்பு' என்று பார்த்துவிட்டு நேரே வாக்கியம் எழுதப் போனால், இந்த வினை காலை வாரிவிடும்.

1. அளவைப் பாருங்கள். இரட்டையரில் யார் அண்ணன், யார் தம்பி என்று தடுமாறினால் 'கன்ஃப்யூஸ்'. யோசித்தால் பிடிபடும் என்ற நிலையில் 'பசில்'. பூட்டிக் கிடந்த வீட்டுக்கு மூவாயிரம் ரூபாய் கரண்ட் பில் வந்து, எப்படி யோசித்தும் காரணம் பிடிபடவில்லை என்றால்தான் 'பேஃபிள்'. சின்னத் தடுமாற்றத்துக்கெல்லாம் இதைப் போட்டால் மிகையாக ஒலிக்கும்.

2. குழப்பும் பொருள் முன்னே, குழம்பும் ஆள் பின்னே: "தி பில் பேஃபிள்ஸ் மீ."

3. பெரும்பாலோர் இடறுவது இங்கேதான். தமிழில் குழம்பு தன்வினை, குழப்பு பிறவினை. இரண்டும் தனித்தனிச் சொற்கள். 'பேஃபிள்' குழப்பு மட்டும்தான். அதனால் "ஐ பேஃபிள்ட்" என்று நிறுத்தினால், 'யாரை?' என்ற கேள்வி தொங்கும். "ஐ பேஃபிள்ட் தி டாக்டர்ஸ்" சரியான வாக்கியம்தான்; ஆனால் குழம்பியவர்கள் டாக்டர்கள். நீங்கள் குழம்பியிருந்தால் "ஐ வாஸ் பேஃபிள்ட்". அந்த 'வாஸ்' விழுந்தால் பொருளே புரண்டுவிடும்.

"ஐ ஆம் பேஃபிளிங்" என்றால், 'நான் யாருக்கும் பிடிபடாத ஆள்' என்று அர்த்தம். வேண்டியது "ஐ ஆம் பேஃபிள்ட்". எழுதும்போது 'ஐஎன்ஜி' சேர்த்தால் கடைசி 'ஈ' எழுத்து போகும். இரண்டு 'எஃப்'பும் நிற்கும்.

4. எதனால் என்று சொல்ல 'பை' போடுங்கள்: "பேஃபிள்ட் பை தி பில்." 'பசில் ஓவர்' உண்டு, 'பேஃபிள் ஓவர்' கிடையாது. 'ஏன்' சேர்க்கும்போது கேள்வி வரிசை வேண்டாம்: "இட் பேஃபிள்ஸ் மீ ஒய் ஹி லெஃப்ட்." இதில் "ஒய் டிட் ஹி லீவ்" என்று நுழைத்தால் தப்பு.

கருவி என்றால், ஆங்கிலம் கற்பவர்களுக்கான ஆக்ஸ்போர்டு அல்லது லாங்மேன் அகராதி போதும், இணையத்தில் இலவசம். பொருளுக்கு முன்னால் 'டிரான்சிட்டிவ்' (அதாவது 'யாரை, எதை' என்ற செயப்படுபொருள் வேண்டும் வினை) என்றோ 'பேஃபிள் சம்படி' என்றோ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மொழிபெயர்ப்புச் செயலிகளை இந்த வேலைக்கு நம்பாதீர்கள்.

பிற்சேர்க்கை: டேங்கர் லாரி, பைக் சைலன்சர் பேச்சில் வரும் 'பேஃபிள்' பெயர்ச்சொல். டேங்கருக்குள் ஓட்டை போட்ட தடுப்புத் தகடு அது. பிரேக் போடும்போது உள்ளே இருக்கும் எண்ணெய் மொத்தமாக முன்னால் அடிக்காமல் தடுக்கும். அந்த இடத்தில் 'குழப்பம்' என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள்.