கிளைமாக்ஸ் என்ஜின் ரேஸ் கார் தேடுபவர்கள் செய்யும் தவறுகள்

"கோவென்ட்ரி கிளைமாக்ஸ் என்ஜின் வைத்த ஐம்பதுகளின் ஸ்போர்ட்ஸ் ரேஸ் கார் ஒன்று வேண்டும், எங்கே கிடைக்கும்?" என்று யாராவது கேட்டால், கேட்கிற விதத்திலேயே ஆள் எங்கே வழுக்கப்போகிறார் என்று தெரிந்துவிடுகிறது. ஏனென்றால் நானும் அந்த வழியில் போனவன்தான். துருவைப் பாருங்கள், புகையைப் பாருங்கள் என்பதையெல்லாம் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

எந்தக் கிளைமாக்ஸ் என்று தெரியாமல் தேடுவது

கோவென்ட்ரி கிளைமாக்ஸ் ஒரு பிரிட்டிஷ் என்ஜின் நிறுவனம்; அது செய்தது ஒரே என்ஜின் இல்லை. தீயணைப்புப் பம்பை ஓட்டுவதற்காக வால்டர் ஹாசனும் ஹாரி மண்டியும் வடிவமைத்த 1020 சிசி அலுமினிய என்ஜினில்தான் கதை தொடங்குகிறது. எடை குறைவாக இருந்ததால் ரேஸ்காரர்கள் கண் வைத்தார்கள். அப்படி வந்தது எஃப்டபிள்யூஏ, 1098 சிசி. எஃப்டபிள்யூபி 1460 சிசி. லோட்டஸ் எலீட்டில் ஏறிய எஃப்டபிள்யூஇ 1216 சிசி. இரட்டை கேம்ஷாஃப்ட் வைத்த எஃப்பிஎஃப் வேறு சங்கதி, அதன் விலையும் வேறு.

எஃப்டபிள்யூஏ-யும் எஃப்டபிள்யூஇ-யும் (சுருக்கமாக ஏ, இ) வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஒருவர் பிளக்கைக் கழற்றி, துளைக்குள் கம்பியை விட்டு, பிஸ்டன் ஏறி இறங்கும் தூரத்தை அளந்துவிட்டு "66.6 மி.மீ. வருது, ஏ-தான்" என்று குதூகலமாகச் சொன்னார். அந்தத் தூரம்தான் ஸ்ட்ரோக். இ-க்கும் அதே ஸ்ட்ரோக்தான்! மாறுவது போர், அதாவது சிலிண்டரின் குறுக்களவு: ஏ-யில் 72.4 மி.மீ., இ-யில் 76.2. அவர் அளந்ததிலிருந்து தெரிந்தது ஒன்றே ஒன்று, அது 80 மி.மீ. ஸ்ட்ரோக் உள்ள பி இல்லை. 1100 சிசி வகுப்பில் ஓட்ட நினைத்து வாங்குபவர் ஹெட்டைக் கழற்றி போரை அளந்த பிறகுதான் விலை பேச வேண்டும்.

என்ஜினைப் பார்த்தே காரை எடைபோடுவது

பணத்தை அதிகம் தின்பது இதுதான். இன்றைக்கும் யாராவது இதைச் செய்தால் எனக்கு எரிச்சல் வருகிறது.

1956-இல் வந்த லோட்டஸ் லெவனை எடுத்துக்கொள்ளுங்கள். லே மான், கிளப், ஸ்போர்ட் என்று மூன்று வகை. முதல் இரண்டிலும் கிளைமாக்ஸ். ஸ்போர்ட்டில் ஃபோர்டின் 1172 சிசி சைடு வால்வு. லே மானுக்குப் பின்னால் டி டியோன் ஆக்சில் (டிஃபரென்ஷியல் சேஸிஸோடு நிற்கும், சக்கரங்களை இணைப்பது தனிக் குழாய்), டிஸ்க் பிரேக். கிளப்புக்கு டிஃபரென்ஷியலும் ஆக்சிலும் ஒரே துண்டாக இருக்கும் சாதாரண லைவ் ஆக்சில், டிரம் பிரேக். 1957-இல் பிரான்சின் லே மான் 24 மணி நேரப் போட்டியில் 744 சிசி கிளைமாக்ஸ் வைத்த லெவன் ஒன்று என்ஜின் அளவைக் கணக்கில் எடுத்துத் தரும் செயல்திறன் குறியீட்டுப் பரிசைத் தட்டிச் சென்றது. அந்தப் பெயருக்கு இருக்கும் மவுசு விற்பவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஸ்போர்ட்டை வாங்கி ஓட்டியவர், கையில் காசு சேர்ந்ததும் ஃபோர்டைக் கழற்றிவிட்டு கிளைமாக்ஸைப் பூட்டினால் அதில் தப்பே இல்லை. அந்தக் காரை இன்று "லே மான்" என்று விற்பதுதான் தப்பு. வாங்குபவர் முன்பக்கத்தோடு நின்றுவிடுவதால்தான் இந்த வியாபாரம் நடக்கிறது.

ஒரு புதியவரோடு கார் பார்க்கப் போயிருந்தேன். விற்பவர் மூக்குப் பகுதியை முன்னால் சாய்த்துத் திறந்து காட்டினார். பளபளக்கும் கேம் கவர், ஜோடி எஸ்யூ கார்புரேட்டர். நம் ஆள் அங்கேயே விழுந்துவிட்டார். பின்பக்கத்தையும் திறவுங்கள் என்றேன். கிளிப் இறுகிப்போச்சு என்றார் விற்பவர். அரை மணி நேரம் விடாமல் நச்சரித்த பிறகு திறந்தது. லே மானாக இருந்தால் டிஃபரென்ஷியலை ஒட்டி, நடுவில் இரண்டு டிஸ்க் தெரிய வேண்டும். இங்கே சக்கரத்துக்குச் சக்கரம் நீண்ட லைவ் ஆக்சில், இரு முனையிலும் டிரம். "அதனால என்னங்க, என்ஜின் அசல்தானே?" என்று கேட்டு லே மான் விலையையே கொடுத்தார். பிறகு விற்கப் போனபோது, வாங்க வந்தவர் முதலில் குனிந்து பார்த்தது பின்பக்கத்தைத்தான். நஷ்டத்தில்தான் தள்ள முடிந்தது.

ஆக்சிலையும் பிற்பாடு மாற்றியிருக்கலாம் என்பதால் அதோடு நிற்காதீர்கள். சேஸிஸ் குழாய்களை விரலால் தடவிப் பாருங்கள். பழைய பிராக்கெட்டை அறுத்த தழும்பு, அக்கம்பக்கத்து வெல்டிங்கோடு ஒட்டாத புது வெல்டிங், பெயின்ட்டுக்கு அடியில் மேடு தட்டுகிறதா என்று கவனியுங்கள். சேஸிஸ் எண்ணை ஹிஸ்டாரிக் லோட்டஸ் ரெஜிஸ்டர் போன்ற இடத்தில் விசாரியுங்கள். அதே எண்ணைச் சொல்லிக்கொண்டு இன்னொரு கார் இருக்கிறதா என்றும் கேளுங்கள். என்ஜினைத் தேடிப்பிடித்து வாங்கலாம், இல்லாவிட்டால் சரிசெய்யலாம். சேஸிஸின் பூர்வீகத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

என்ஜின் எண் பொருந்தவில்லை என்று நல்ல காரை விடுவது

ரேஸ் காரில் என்ஜின் மாறியிருப்பது சகஜம். அதற்காக நல்ல காரை விடாதீர்கள்.

பாஸ்போர்ட்டை ஜாதகமாக நினைப்பது

உலக மோட்டார் விளையாட்டு அமைப்பான எஃப்ஐஏ தரும் ஹிஸ்டாரிக் டெக்னிக்கல் பாஸ்போர்ட், கார் அந்தக் காலத்துத் தொழில்நுட்ப விவரங்களுக்குப் பொருந்துகிறது என்று சொல்லும். யார் ஓட்டியது, எந்த வழியாகக் கைமாறியது என்பதற்கு அது அத்தாட்சி இல்லை. பழைய ரேஸ் புரோகிராம், புகைப்படம், விற்பனை ரசீது என்று தனித்தனியாகக் கேளுங்கள். "எல்லாம் இருக்கு, அப்புறம் அனுப்பறேன்" என்றால், வந்த பிறகு பேசிக்கொள்ளலாம்.

வெஸ்ட்ஃபீல்டு

லெவன் உருவத்தில், கிளைமாக்ஸுக்குப் பதில் பிஎம்சி ஏ-சீரிஸ் என்ஜின் இருந்தால் அநேகமாக அது வெஸ்ட்ஃபீல்டு நிறுவனம் செய்த நகல். நல்ல வண்டிதான், லோட்டஸ் இல்லை.

லோட்டஸை மட்டுமே தேடுவது

எஃப்டபிள்யூஏ-வுக்காகத்தான் தேடுகிறீர்கள் என்றால், எரிக் பிராட்லியின் லோலா மார்க் 1, என்ஜினை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்த கூப்பர் டி39, எல்வா போன்ற கார்களும் இருக்கின்றன. கூப்பரின் வால் வெட்டுப்பட்டது போல நிற்பதைப் பார்த்து முகம் சுளிப்பவர்களும் உண்டு. எனக்கு அதுதான் பிடிக்கும்.

"ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிக் காட்டறேன்"

வேண்டாம் என்று சொல்லுங்கள். வருடக்கணக்கில் நின்ற அலுமினிய பிளாக்கில் நீர்ப்பாதைகள் அரித்துப்போயிருக்கலாம். முதலில் பிரஷர் டெஸ்ட், அதற்கப்புறம் சாவி.