நான்கு பேர் மேசையில் யாரை முதலில் அடிப்பது?

மேஜிக் சீட்டாட்டத்தை இருவராக ஆடிப் பழகிவிட்டு, ஆளுக்கொரு தலைவன் சீட்டை (கமாண்டர்) வைத்துப் பலர் ஆடும் கமாண்டர் மேசைக்கு வருபவர்கள் பெரும்பாலும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள். எதிரே பெரிதாக எது இறங்கினாலும் உடனே கொன்றுவிடுகிறார்கள். நானும் ஒரு வருடம் அப்படித்தான் ஆடினேன், வருடம் முழுக்கத் தோற்றேன்.

கணக்கைப் பாருங்கள். இருவர் ஆட்டத்தில் எதிராளிக்கு 20 லைஃப் (உயிர்ப்புள்ளி). கமாண்டரில் ஆளுக்கு 40. நான்கு பேர் உட்கார்ந்தால் நீங்கள் கரைக்க வேண்டியது 120. என் சீட்டு ஒன்றைச் செலவழித்து உங்கள் சீட்டு ஒன்றை அழித்தால் நம் இருவருக்கும் ஆளுக்கு ஒன்று நஷ்டம். மற்ற இருவரும் சும்மா உட்கார்ந்தபடியே முன்னேறிவிடுகிறார்கள்.

எங்கள் சிங்கப்பூர் ஜூரோங் வீட்டு ஞாயிற்றுக்கிழமை மேசையை வைத்தே சொல்கிறேன். கமாண்டர்கள் இவை: மகன் கையில் க்ரெங்கோ, அவன் நண்பனிடம் டால்ரண்ட், மச்சானிடம் கால்டா, என்னிடம் மெரென். நான்கும் நான்கு குணம்.

க்ரெங்கோ 4 மானா (சீட்டை இறக்கக் கொடுக்கும் விலை). அவனை டேப் செய்தால் (சீட்டைப் பக்கவாட்டில் திருப்பிப் பயன்படுத்தினால்), மகன் பக்கம் எத்தனை கோப்ளின் மிருகம் இருக்கிறதோ அத்தனை புது கோப்ளின் டோக்கன் (சீட்டில்லாத அடையாள மிருகம்) வரும். 4 இருந்தால் 8, அடுத்து 16, அடுத்து 32. பார்த்தாலே வயிற்றைக் கலக்கும். ஒருநாள் 8 கோப்ளின் வந்ததும் பொறுக்க முடியாமல் பியூட்ரிஃபை போட்டு க்ரெங்கோவைக் கொன்றேன். அந்த எட்டும் பாயவிருந்தது டால்ரண்ட் பையன் மேல். அவன் கையில் 7 சீட்டு, மேசையில் ஒன்றுமில்லை. அவனை நெருக்கிக்கொண்டிருந்த ஒரே ஆளை நானே கிளப்பிவிட்டேன். இரண்டு சுற்று கழித்து 7 மானா சேர்ந்ததும் அவன் சைக்ளோனிக் ரிஃப்டை ஓவர்லோடில் (கூடுதல் மானா கொடுத்து எதிராளிகள் எல்லோர் மேலும் பாயும் வடிவில்) போட்டான். லேண்ட் (மானா தரும் சீட்டு) தவிர எங்கள் மூவரின் எல்லாச் சீட்டும் கைக்குத் திரும்பின. டோக்கன்களுக்குக் கைக்குப் போகும் பாக்கியமும் இல்லை, அப்படியே மறைந்தன.

அதனால் கொல்வதற்கு முன் ஒரே கேள்வி: இது இந்தச் சுற்றில் யார் தலையில் விழப்போகிறது? என் தலையில் இல்லையென்றால் சீட்டைக் கையிலேயே வைத்திருப்பேன். அடி வாங்கப்போகிறவர் தன் சீட்டைச் செலவழிக்கட்டும்.

டால்ரண்டை வேறு மாதிரி பார்க்க வேண்டும். இன்ஸ்டன்ட், சார்சரி என்ற ஒருமுறை மந்திரச் சீட்டு ஒவ்வொன்றைப் போடும்போதும் அவன் பறக்கும் 2/2 (பவர் 2, தாங்கும் அளவு 2) ட்ரேக் மிருகம் ஒன்றைப் பெறுகிறான். அதாவது நீங்கள் போடும் சீட்டை, உங்கள் ஸ்பெல்லை, தடுக்கும்போதும் அவன் படை வளர்கிறது. ஆனால் மூன்று பேரின் எல்லா ஸ்பெல்லையும் அவனால் தடுக்க முடியாது. அங்கேதான் பிடி. நல்ல சீட்டு இரண்டு இருந்தால் இரண்டாந்தரத்தை முதலில் போடுங்கள். அவன் ரிஸ்டிக் ஸ்டடி இறக்கிவிட்டால், நாம் ஒரு மானா கூடுதலாகக் கட்டாத ஒவ்வொரு ஸ்பெல்லுக்கும் அவன் ஒரு சீட்டு எடுப்பான்; ஒவ்வொரு முறையும் அந்த ஒரு மானாவைக் கட்டிவிடுங்கள். “ஒரு சீட்டுதானே, எடுத்துக்கோ” என்று மச்சான் சொல்லும்போதெல்லாம் எனக்கு ரத்தம் கொதிக்கும். அந்த தாராளத்துக்கு மூன்று பேரும் சேர்ந்து விலை கொடுக்கிறோம். அப்புறம், அவனிடம் 7 லேண்ட் டேப் ஆகாமல் நின்றால் கையில் உள்ளதையெல்லாம் மேசையில் கொட்டாதீர்கள்.

கால்டா எளிது. அடக்க விலை 12 மானா, ஆனால் மச்சானின் மேசையில் உள்ள மிருகங்களின் மொத்த பவர் அதில் கழியும். 8 பவர் இருந்தால் 4 மானாவுக்கு 12/12 வந்து நிற்கும். ஒரே கமாண்டரிடம் மொத்தம் 21 புள்ளி சேதம் வாங்கினால் ஆட்டம் முடிந்தது, ஆகவே கால்டாவின் இரண்டு அடி போதும். டிராம்பிள் வேறு (தடுக்கும் மிருகத்தைத் தாண்டி மீதி சேதம் ஆளைச் சேரும்), குட்டி மிருகத்தைக் குறுக்கே நிறுத்தியும் பயனில்லை. எனவே கால்டா வரும்வரை காத்திருக்காமல் முன்னால் வரும் சின்ன மிருகங்களைக் கழியுங்கள். கால்டா தனியாக நின்றால் என் ஃப்ளெஷ்பேக் மராடர் போதும், அது இறங்கினால் ஆளுக்கொரு மிருகத்தைப் பலி கொடுக்க வேண்டும். அதே சீட்டு மகனிடம் செல்லாது. ஒரு கோப்ளினைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சிரிப்பான்.

என் டெக்கை (சீட்டுக்கட்டை) எப்படித் தடுப்பது என்று எழுத மனமில்லை. ஆனாலும்: மெரெனைக் கொல்வதில் பெரிய லாபம் கிடையாது. என் மிருகங்கள் சாகச் சாகச் சேரும் எக்ஸ்பீரியன்ஸ் கவுன்டர்கள் என்னிடமே தங்கும். மெரென் மிருகங்களை மீட்பது என் கிரேவ்யார்டிலிருந்து (செத்த சீட்டுகளின் குவியல்), அதைக் காலி செய்யுங்கள். ரெலிக் ஆஃப் ப்ரொஜெனிடஸ் எந்த நிற டெக்கிலும் போகும், ஒரே மானா.

இனி, சீட்டைப் பிடித்து வைத்திருந்ததால் கிடைத்த பலன். போன மாதம் மகனிடம் க்ரெங்கோவோடு 16 கோப்ளின். என் கையில் டாக்ஸிக் டெலூஜ். 3 மானா கொடுத்து, வேண்டிய அளவு லைஃபையும் கொடுத்தால், அத்தனை புள்ளி எல்லா மிருகங்களிலும் குறையும். முந்தைய சுற்றிலேயே போட்டிருக்கலாம், போடவில்லை. மகன் 15 கோப்ளினை நண்பன் மேல் ஏவினான். இரண்டை ட்ரேக்குகள் தடுத்தன, 24 இருந்த அவன் லைஃப் 11 ஆனது. அடுத்து என் முறை. 3 லைஃப் கொடுத்தேன். கோப்ளின், க்ரெங்கோ, ட்ரேக், டால்ரண்ட் எல்லாம் போகும். மெரென் 3/4 என்பதால் தப்பிக்கும்.

நண்பனிடம் இரண்டு ஐலண்ட் (ஒரு வகை லேண்ட்) டேப் ஆகாமல் நின்றன. என் ஸ்பெல்லைத் தடுக்கும் கவுன்டர்ஸ்பெல் கையில் இருந்தது, அவன் முகமே சொன்னது. எதிரே இருந்த கோப்ளின் கூட்டத்தைப் பார்த்தான், தன் 11 லைஃபைப் பார்த்தான், சீட்டைக் கவிழ்த்து வைத்தான்.

“சரி அங்கிள், போடுங்க.”